சாந்தோம் வீட்டில் மட்டும் கரகரத்த பெட்டி

இனாயத்துக்கு யார் மேலும் சுலபத்தில் நம்பிக்கை வராது. பிறவிக் குணம் என்று அவர் மனைவி அஃப்சருன்னிசா சொல்வாள். யுத்தம் கொடுத்த குணம் என்று அவர் சொல்வார்.

அவர் வீட்டில் பரம்பரையாகப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் அப்பா துருத்தி போட்டு உட்கார்ந்தால் தெருவே பித்தளைப் பாத்திரங்களோடு வந்து நிற்கும். ஈயம் எந்தச் சூட்டில் ஓடும், எந்தச் சூட்டில் பிடிக்கும் என்பது இனாயத்தின் கைக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. யுத்த காலத்தில் பட்டாளத்து வயர்லெஸ் பட்டறை ஒன்றில் கம்பிகளை ஈயத்தால் ஒட்டிச் சாலிடர் வைக்க ஆள் எடுத்தார்கள். இனாயத் போனார். கண்ணாடிக் குமிழ் போன்ற வால்வு, கண்டென்சர், காயில் எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். வேலை பிடித்திருந்தது. ஒருநாள் பட்டறையிலிருந்து ஒரு பெட்டி வால்வு காணாமல் போயிற்று. எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கேட்டில் நின்ற ஹவில்தார் இனாயத்தின் தூக்குச் சட்டியைத் திறந்து, சோற்றுக்குள் விரலை விட்டுக் கிளறிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் இனாயத்துக்கு வேலை இல்லை.

அந்தச் சோற்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே கொட்டினார். அதற்குப் பிறகுதான் கச்சேரி ரோட்டில், மசூதிக்கு நாலு கடை தள்ளி, ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு திரை.

கடைக்கு அவர் வைத்துக்கொண்ட முறை விசித்திரமானது. ரிப்பேருக்கு வரும் பெட்டியைக் கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே திறப்பார். ஒவ்வொரு வால்வின் தலையிலும் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு வைப்பார். "உங்க வால்வு இதான். நல்லா பாத்துக்கோங்க. அப்புறம் மாத்திட்டேன்னு சொல்லக் கூடாது" என்பார். வேலை முடிந்ததும் பின்பலகைத் திருகாணிகள் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, கட்டைவிரலால் அழுத்திவிடுவார். அரக்கு உடைந்து வந்தால் அவர் பொறுப்பில்லை. சிலர் இதைக் கெட்டிக்காரத்தனம் என்றார்கள். சிலர், இத்தனை ஜாக்கிரதையாக இருக்கிறவன் மனசில் ஏதோ இருக்கிறது என்றார்கள்.

நாற்பத்தாறில் மிக்கேல் வந்தான். சாந்தோம் மீன்பிடிக் குடும்பம். ஆனால் மிக்கேல் கடலுக்குப் போவதை விட்டுவிட்டவன். மடியில் படுக்க வைத்து இரும்புத் துண்டால் இழுத்து வாசிக்கிற ஹவாய் கிட்டாரை எங்கேயோ கற்றுக்கொண்டு, கல்யாணங்களிலும் மாதா கோயில் திருநாள்களிலும் வாசித்துவந்தான். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பவிருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவனிடமிருந்து அந்தக் கிட்டாருக்கென்றே செய்த ஒரு ஆம்ப்ளிஃபையரை வாங்கியிருந்தான். ஒரு சின்ன மரப்பெட்டி. உள்ளே வால்வுகள், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்தே இருக்கும். நம் ஊர்க் கரண்டுக்கு அது தாங்காது. அதற்காக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தரச் சொல்லித்தான் முதலில் இனாயத்திடம் வந்தான். அந்தப் பெட்டிக்காகவே குப்பத்துக் குடிசையை விட்டு, கோயிலுக்குப் பின்னால் கரண்டு இருக்கிற ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்குக் குடிவந்திருந்தான்.

சில மாதம் கழித்து அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பாய், வாசிக்க சொல்லோ கரகரன்னு சத்தம் வருது. எண்ணெயில மீன் போட்ட மாரி."

வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் அவனுக்கு வாசிக்க ஒரு வாய்ப்பு வருவதாக இருந்தது. அங்கே ஒலிப்பதிவு செய்கிறவர், சத்தம் வருகிற பெட்டியோடு உள்ளே வராதே என்று சொல்லிவிட்டாராம்.

இனாயத் அவன் எதிரிலேயே திறந்து பொட்டு வைத்தார். ஒரு கண்டென்சர் மெழுகு கசிந்து கெட்டிருந்தது. அதை மாற்றினார். மிக்கேல் வாசித்துப் பார்த்தான். துளி கரகரப்பு இல்லை. அரக்கு வைத்து அனுப்பினார்.

அடுத்த வாரமே திரும்பி வந்தான். முகம் சரியில்லை.

"இன்னா பாய் ரிப்பேர் பண்ண? வூட்டுக்குப் போய் ரெண்டு நாள் நல்லா இருந்துது. மறுபடி அதே சத்தம்."

இனாயத் பெட்டியைத் திருப்பினார். பின்பலகையில் அரக்கு உடைந்திருந்தது.

"இத்த யாரு தொறந்தது?"

"யாரும் தொறக்கல."

"அரக்கு ஒடஞ்சிகீது பாரு."

"ரிக்சாவுல வந்துது. குலுக்கல்ல ஒடஞ்சிருக்கும். நீ பேச்ச மாத்தாத."

வேறு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான், அங்கே வால்வை மாற்றிவிட்டார்கள், பழியை என் மேல் போடப் பார்க்கிறான் என்று இனாயத்துக்குத் தோன்றியது. அவசரமாகத் திறந்தார். வால்வுகளின் தலையில் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. அவர் வைத்த கண்டென்சரும் இருந்தது. எதுவும் மாறவில்லை. இது இன்னும் சந்தேகமாக இருந்தது. எதையும் எடுக்காதவன் எதற்காகத் திறந்தான்?

திருகாணியின் பிளவில் பளபளவென்று ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்துப் பார்த்தார். மீன் செதில். மீன் விற்கிற வீடு, செதில் எங்கேதான் ஒட்டாது என்று துடைத்துப் போட்டார்.

பெட்டியை ஓடவிட்டார். கரகரப்பே இல்லை. பென்சில் கட்டையால் ஒவ்வொரு வால்வாகத் தட்டினார். எந்த வால்வும் முனகவில்லை. கிட்டாரைப் போட்டு மிக்கேல் வாசித்தான். சுத்தமாக இருந்தது. உப்புக் காற்றாக இருக்கலாம் என்று, வால்வுக் கால்களையும் அவை உட்காரும் துளைகளையும் ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி அரக்கு வைத்துக் கொடுத்தார். மிக்கேல் அத்தனை நேரமும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறைக் கேட்டில் நின்ற ஹவில்தாரின் பார்வை அது.

மூன்றாவது முறை மிக்கேல் வந்தபோது பெட்டியைக் கொண்டுவரவில்லை. கோபத்தை மட்டும் கொண்டுவந்தான். அப்போது கடையில், ரேடியோவை வாங்கிப்போக வந்த அனந்தராமன் உட்கார்ந்திருந்தார். மாட வீதிக்காரர், வக்கீல் குமாஸ்தா.

"பாய், தெரிஞ்சுதான் பண்றியா? உன் கடைல நல்லா பாடுது, என் வூட்டுக்கு வந்தா கரகரங்குது. திரும்பத் திரும்ப நான் வரணும்னு உள்ள ஏதாவது வெச்சு அனுப்பறியா?"

"நாக்க அடக்கிப் பேசு மிக்கேலு."

"ஞாயித்துக்கெழம ஸ்டுடியோவுக்குப் போணும். இந்த சான்சு போச்சுன்னா நான் மறுபடி கட்டுமரம்தான் ஏறணும், தெரியுமா?"

அனந்தராமன் தன் ரேடியோவை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். இனாயத் அதைப் பார்த்துவிட்டார். எழுந்து, திருப்புளியையும் பென்சிலையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வா. உன் வூட்டுலயே பாக்கறேன்."

சாந்தோம் வீட்டில் ஒரே அறைதான். பெட்டி ஒரு முக்காலி மேல் இருந்தது. மிக்கேலின் மனைவி தேசம்மா மயிலாப்பூர் மார்க்கெட்டில் மீன் விற்கப் போயிருந்தாள். அரக்கு இந்த முறையும் உடைந்திருந்தது. இனாயத் அதை விரலால் தடவிப் பார்த்தார். பெட்டியை ஓடவிட்டு வாசிக்கச் சொன்னார்.

தடித்த கம்பியை மிக்கேல் மீட்டியதும் வந்துவிட்டது. கரகர, பட், கரகர. மெல்லிய கம்பிகளை மீட்டும்போது வரவில்லை.

இனாயத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. சத்தம் என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது. இவன் பொய் சொல்லவில்லை.

கிட்டாரின் வயரைப் பிடுங்கினார். பெட்டியின் தலையில் முட்டியால் தட்டினார். கரகர. கிட்டாரில் கோளாறு இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை அடியோடு குறைத்துவிட்டுத் தட்டினார். அப்போதும் கரகர. பக்கப் பலகையில் தட்டினார். அப்படியும் வந்தது. கோளாறு முன்பக்கத்தில் இல்லை. கடைசியில், ஸ்பீக்கர் பக்கம் இருக்கிறது. பெட்டி அதிரும்போது உள்ளே ஏதோ ஒன்று தொட்டுத் தொட்டு விலகுகிறது. தடித்த கம்பிக்குப் பெட்டி அதிகம் அதிரும், அதனால்தான் அதற்கு வருகிறது.

கரண்டை நிறுத்திவிட்டுத் திருப்புளியை எடுத்தபோது தேசம்மா காலிக் கூடையோடு உள்ளே வந்தாள். அன்னிய ஆள் பெட்டியின் பின்னால் குந்தியிருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"தொறக்காத பாய்! கரண்டு அடிக்கும்!"

"அவருக்குத் தெரியாததா? நீ சும்மா இரு" என்றான் மிக்கேல்.

"எனக்குப் பயமா கீது. வேணாம்னு சொல்லு. கடைக்கு எடுத்தும் போய்ப் பண்ணட்டும். நான் தொடச்சி குடுக்கறேன்."

கடைக்கு எடுத்துப் போகச் சொல்கிறாள். அதுவும் தன் கையால் துடைத்துக் கொடுத்து. இனாயத் அவள் இடுப்பில் செருகியிருந்த மீன் கத்தியைப் பார்த்தார். முனை மழுங்கி, ஒரு பக்கமாக வளைந்திருந்தது. திருகாணி திருப்பினால்தான் கத்தி முனை அப்படி வளையும்.

பலகையைக் கழற்றினார். ஸ்பீக்கருக்குப் பின்னால், காந்தத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு சின்ன முடிச்சு. முடிச்சு நெகிழ்ந்து, தங்கச் சங்கிலியின் நுனி வெளியே வந்து ஸ்பீக்கர் வயர்கள் சேரும் இடத்தின் மேல் கிடந்தது.

அவர் முதுகு மிக்கேலுக்கு மறைப்பாக இருந்தது. நிமிர்ந்து தேசம்மாவைப் பார்த்தார். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"மிக்கேலு," என்றார் இனாயத், "வாசல்ல மெயின் சுச்சு கீது பாரு. அத்த ஆஃப் பண்ணிட்டு அங்கயே நில்லு. யாரும் போடாம பாத்துக்கோ. நான் கூப்புடறேன்."

மிக்கேல் போனான். தேசம்மா பாய்ந்து வந்தாள்.

"எடுத்துடாத பாய். மாதா மேல ஆணை, அது என் சொந்த சம்பாத்தியம்."

"உன் நகைய எடுக்கற ஆள் மாரியா கீறேன் நான்?"

"யாரு எப்பிடின்னு எனக்கு இன்னா தெரியும்? அதான் பொட்டி உன் கடைக்கு வரும்போதெல்லாம் எடுத்து வெச்சுக்குனேன்."

அவருக்குச் சுருக்கென்றது. முடிச்சை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இதுக்குள்ள கைய வுட்டியே, கரண்ட நிறுத்தினாலும் உள்ள அடிக்கும். செத்துருப்ப, தெரியுமா?"

"வேற எங்க வெப்பேன்? என் வளையல வித்துதான் இந்தப் பொட்டியே வந்துது. அரிசிப் பானை, தலவாணி எல்லாம் தொழாவுவான். இத்த மட்டும் தொறக்க மாட்டான், கெட்டுடும்னு பயம்."

முடிச்சு கூடைக்குள் போயிற்று. அதன் மேல் ஒரு ஈரச் சாக்கு விழுந்தது. இனாயத் மிக்கேலைக் கூப்பிட்டார். பெட்டியை ஓடவிட்டு ஓங்கித் தட்டிக் காட்டினார். சத்தம் இல்லை.

"இன்னா இருந்துது?"

பலகையைப் பூட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் இனாயத் சொன்னார்: "ஒரு கம்பி லூசா இருந்துது. நான்தான் சரியா வெக்கல."

மிக்கேல் தானும் ஒருமுறை பெட்டியைத் தட்டிப் பார்த்தான். பிறகு, "அப்ப உன் தப்பு. இத்தினி நாளும் அரக்கு ஒடஞ்சுது, ஆட்டுக்குட்டி ஒடஞ்சுதுன்னு என் மேல திருப்பின" என்றான். தேசம்மா மூலையில் கூடையைப் பிடித்தபடி நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மிக்கேல் ஸ்டுடியோவில் வாசித்தான். மறுபடியும் கூப்பிட்டார்கள். ஆனால் போன இடமெல்லாம், கச்சேரி ரோட்டு பாய் கோளாறை உள்ளேயே வைத்து அனுப்புகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பாதி ஜனம் நம்பியது. அடுத்த முறை ரேடியோவைக் கொண்டுவந்த அனந்தராமன் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் இங்கேயே ஒக்காந்துண்டு பாத்துண்டிருக்கேன். தப்பா நெனச்சுக்காதேயும். ஆத்துல அவதான், கூடவே இருந்து வாங்கிண்டு வாங்கோன்னு அனுப்பிச்சா."

இனாயத் தலையை ஆட்டினார். தன் கடையில் தானே திருடனைப் போல, ஒவ்வொரு திருகாணியையும் தூக்கிக் காட்டிக் காட்டி வேலை செய்தார்.

இதற்கு நடுவில் தேசம்மா கடைக்கு வர ஆரம்பித்தாள். ஒருநாள் சங்கரா மீன் கொண்டுவந்து வைத்தாள். இன்னொரு நாள் இறால். என்னவோ சொல்ல வாயெடுப்பாள், யாராவது வந்துவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். திரைக்குப் பின்னாலிருந்து அஃப்சருன்னிசா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இறாலைச் சமைத்தாள், ஆனால் கணவனுக்குப் பரிமாறும்போது தட்டை ணங்கென்று வைத்தாள். அடுத்த முறை தேசம்மா வந்தபோது திரையை விலக்கி, "இங்க வா" என்று உள்ளே கூப்பிட்டாள்.

இனாயத் கடையில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். உள்ளே முதலில் அஃப்சருன்னிசாவின் குரல் உயர்ந்தது. பிறகு தேசம்மாவின் அழுகை. பிறகு வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் திரைக்கு இந்தப் பக்கம் ஒரு கை மட்டும் நீண்டது.

"அரக்கு குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க சொல்றேன்."

தேசம்மா சங்கிலியைத் தன் கையாலேயே துணியில் முடிந்து, முடிச்சின் மேல் அரக்கு ஊற்றி, தன் விரலை அழுத்தியிருந்தாள். "பாய நம்பிக் குடுக்கலக்கா. உன்ன நம்பிக் குடுக்கறேன்" என்று அவள் சொன்னது இனாயத்தின் காதில் விழுந்தது. முடிச்சு அஃப்சருன்னிசாவின் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

அவள் போனதும் இனாயத் உள்ளே வந்து கத்தினார். "எடுக்காத வால்வுக்கே என் வேலை போச்சு. இன்னொருத்தன் வூட்டுத் தங்கம் இங்க இருந்தா என்ன ஆவும், யோசிச்சியா?"

"சோத்தத் தொழாவினவன் மேல உங்களுக்கு எவ்ளோ கோவம்? அவ வூட்டுல தெனம் அரிசிப் பானையத் தொழாவறான்" என்றாள் அஃப்சருன்னிசா. அதற்குப் பிறகு இனாயத் தினமும் கடையைச் சாத்தியதும், டிரங்குப் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும், தேசம்மாவின் அண்ணன் புதிய வலைக்கும் கட்டுமரத்துக்கும் பங்கு சேர்த்தான். தேசம்மா தானும் ஒரு பங்கு போட நினைத்து அண்ணனிடம் சங்கிலியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அது எப்படியோ மிக்கேலின் காதுக்குப் போய்விட்டது. நடுப்பகலில் கடை வாசலில் வந்து நின்றான். பின்னாலேயே தேசம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"என் பொண்டாட்டி நகைக்கு உன் வூட்டுல இன்னா வேலை?"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். இனாயத் எழுந்தார். இந்த நாள் வரும் என்று அவருக்குத் தெரியும், வந்துவிட்டது.

தேசம்மாதான் பேசினாள். "அவர இன்னாத்துக்குக் கேக்கற? என்னக் கேளு. உன் பொட்டிக்குள்ளதான் வெச்சிருந்தேன். நீ கரகரங்குது கரகரங்குதுன்னு குதிச்சியே, அது என் சங்கிலி."

அஃப்சருன்னிசா தலையில் முக்காட்டோடு வெளியே வந்து முடிச்சை மேஜை மேல் வைத்தாள். அரக்கு உடையாமல் இருந்தது. மிக்கேல் அதைப் புரட்டிப் பார்த்தான். தானே உடைத்தான். சங்கிலியை உள்ளங்கையில் போட்டு எடை பார்ப்பது போலத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

"அப்ப, கம்பி லூசுன்னு அன்னிக்கி சொன்னியே பாய்?"

"பொய்."

"எதுக்கு சொன்ன? உன் பேரு கெட்டுச்சே. நான்தான் கெடுத்தேன்."

"உன்ன நம்பல நைனா. தெரிஞ்சா அன்னிக்கே வித்துடுவன்னு நெனச்சேன்."

மிக்கேல் சங்கிலியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். வாசலில் நின்ற கூட்டத்தையும் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

"வித்துருப்பேன். ஸ்டுடியோவுல பெரிய பொட்டி கேட்டாங்க. வித்துதான் இருப்பேன்."

சங்கிலியை அவன் மேஜை மேல் வைக்கவில்லை, பையிலும் போட்டுக்கொள்ளவில்லை. தேசம்மாவின் கையைப் பிடித்து அதில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று கடற்கரைப் பக்கமாக நடந்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகும் கேட்டதில்லை. அந்தத் தைப் பொங்கலுக்கு முன்பே தேசம்மாவின் பங்கு கட்டுமரத்தில் சேர்ந்தது.

சில மாதம் கழித்து ஸ்டுடியோவிலிருந்து ஆட்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இனாயத்தின் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். யார் அனுப்பியது என்று கேட்டால், "கிட்டார் மிக்கேல். நல்ல வேலைக்காரர்னு சொன்னாரு. ஆனா பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கோன்னாரு" என்பார்கள். இனாயத் ஒரு முக்காலியை அவர்கள் பக்கம் தள்ளுவார்.

வேலை முறையில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டார். கரகரக்கிறது என்று யார் பெட்டியைக் கொண்டுவந்தாலும் உடனே திறப்பதில்லை. "திரும்ப எடுத்தும் போ. வூட்டுல வெச்சு வாசி. நான் வந்து கேக்கறேன்" என்பார். போன வீடுகளில் கரண்டு, சுவர், ஜன்னல், அங்கே இருக்கிறவர்களின் முகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் திருப்புளியை எடுப்பார்.

ஒருநாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தவர் பழக்கத்தில் டிரங்குப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பழைய பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு புதுப் பூட்டு தொங்கியது.

"இது எதுக்கு?"

"மார்க்கெட்ல தேசம்மா யார் கிட்டயோ சொல்லியிருக்கா" என்றாள் அஃப்சருன்னிசா, ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "இன்னிக்கி ரெண்டு பொம்பளைங்க முடிச்சோட வந்தாங்க."

"யாரு? உள்ள என்ன கீது?"

"அத்த நீங்க கேக்கக் கூடாது."

இனாயத் அந்தப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு கடைக்குப் போய், அரக்குக் கட்டி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். பாதிக்கு மேல் கரைந்திருந்தது.